கடுப்பு என்ற ஒற்றைச் சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளியில் ஆலோசகராக இருக்கும் என் காதில் தினமும் விழும் ஒரு சொல் உண்டு. "கடுப்பா இருக்கு மிஸ்." தேர்வு பயமா? கடுப்பு. சிநேகிதி பேசவில்லையா? கடுப்பு. ராத்திரி ஒரு மணி வரை செல்போன் பார்த்துவிட்டுத் தூக்கம் போதவில்லையா? அதுவும் கடுப்புதான்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஜாமெட்ரி பாக்ஸைச் சுவரில் எறிந்து உடைத்துவிட்டான். "ரொம்பக் கோபம் வருது இவனுக்கு, கொஞ்சம் தியானம் சொல்லிக் கொடுங்க" என்று அனுப்பி வைத்தார்கள். நானும் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். ரெண்டு நிமிஷம் பொறுத்தான். பிறகு ஒற்றைக் கண்ணைத் திறந்து, "இன்னும் எவ்ளோ நேரம் மிஸ்?" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து இந்த மனக்கவனப் பயிற்சியைச் சோதித்தார்கள். 2022இல் முடிவு வந்தது. பள்ளிகளில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வகுப்புகளைவிட இது கூடுதலாக ஒன்றும் செய்துவிடவில்லை. பெரும்பாலோர் வீட்டில் செய்து பார்க்கவே இல்லை. நான் தினமும் மூச்சுப் பயிற்சி செய்கிறவள்தான். ஆனால் எனக்கு வயது ஐம்பது. யாரும் அனுப்பி வைத்து நான் செய்யவில்லை.

அடுத்த முறை ஒரு தாளில் எட்டுச் சொல் எழுதி அவன் முன் வைத்தேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. தொல்காப்பியம் சொல்லும் மெய்ப்பாடுகள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகள்தான். செய்யுளுக்கு வகுத்ததை நான் ஜாமெட்ரி பாக்ஸுக்கு எடுத்துக்கொண்டேன், தமிழாசிரியர்கள் மன்னிக்க வேண்டும். நகை என்றால் சிரிப்பு, இளிவரல் என்றால் இழிவுணர்வு, மருட்கை என்றால் வியப்பு, வெகுளி என்றால் கோபம் என்று அர்த்தம் சொல்லிவிட்டு, "அன்னைக்கு உனக்கு இதுல எதுடா?" என்றேன். விரல் நேராக வெகுளிக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு மெல்ல நகர்ந்து அழுகையில் நின்றது.

கணக்கு மார்க்கை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்திருக்கிறார்கள். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அழுகைக்குத் தொல்காப்பியர் நான்கு காரணம் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. முதலில் வைத்தது இளிவை, பிறரால் இகழப்படுவதை. நாங்கள் கோபத்துக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தோம். பையனோ உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தான்.

பெயர் வைத்தால் என்ன ஆகும்? 2007இல் கலிபோர்னியாவில் பெரியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. கோபமும் பயமும் தெரியும் முகப்படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குச் சொல் தேரச் சொன்னார்கள். மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதி அப்போது சற்று அடங்கியது.

வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? "இதுக்கெல்லாம் யாராவது அழுவாங்களா?" என்கிறோம். சொல் வாய்வரை வந்து திரும்பிவிடுகிறது. எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது கேட்டுப் பாருங்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்றால் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும். வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள்; 14416 என்ற இலவச மனநல எண்ணுக்கு அழையுங்கள்.

அந்தப் பையன் போன வாரம் மறுபடி வந்தான். தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இன்னைக்கு நிஜமாவே வெகுளிதான் மிஸ்."

நன்றி, வணக்கம்.