ஐப்பசி மழைக்கு முன்னாடி ஃப்ளூ ஊசி: கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கு

[திரையில்: இந்திய வரைபடம், மாதங்கள்]

ஃப்ளூ இந்தியா முழுக்க ஒரே மாசத்துல ஏறாது. ஸ்ரீநகர்ல ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பல ஊர்கள்ல தென்மேற்குப் பருவமழையோட. நம்ம கரையில வடகிழக்குப் பருவமழையோட, அதாவது ஐப்பசி, கார்த்திகையில. நனைஞ்சா வைரஸ் வந்துடாது. ஜன்னலைச் சாத்திட்டு எல்லாரும் ஒரே அறையில அடைஞ்சு கிடந்தா, ஒருத்தர் இருமினது அடுத்தவருக்குப் போயிடும்.

அதனால ஊசி எப்போ போடணும்னு, மழை தொடங்குற நாள்லேர்ந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்க. 6 மாசம் முடிஞ்ச குழந்தைக்குத்தான் ஃப்ளூ ஊசி. 9 வயசுக்குள்ள முதல் தடவை போடுறவங்களுக்கு 2 டோஸ், நடுவுல 4 வாரம். கடைசி டோஸ் போட்டு ஏறக்குறைய 2 வாரம் கழிச்சுதான் எதிர்ப்புச் சக்தி வரும். அக்டோபர் நடுவுல மழை பிடிக்கும்னா, ரெண்டாவது டோஸ் செப்டம்பர் கடைசிக்குள்ள, முதல் டோஸ் ஆகஸ்ட் கடைசிக்குள்ள. வகுப்புல பாதிப் பேர் இரும ஆரம்பிச்ச பிறகு ஓடினா லேட்.

[திரையில்: பள்ளிப் பையோட அண்ணன், தொட்டில்ல பாப்பா]

அடுத்தது ஆர்எஸ்வி, அதாவது மூச்சுப் பாதையைத் தாக்குற ஒரு சளி வைரஸ். 2 வயசுக்குள்ள ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் ஒரு தடவையாவது வந்துடும். அண்ணனுக்கு வெறும் மூக்கொழுகல். அதே வைரஸ் 6 மாசம் ஆகாத தங்கச்சிக்கு வந்தா, சின்ன மூச்சுக்குழாய்கள் வீங்கி, சளி அடைச்சு, இளைப்பு. தொத்தினதுக்கு 4-லிருந்து 6 நாள் கழிச்சுதான் பெரும்பாலும் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் பாப்பாகிட்ட போகணும். சளி பிடிச்ச யாரும் பாப்பாவுக்கு முத்தம் கொடுக்கக் கூடாது, ஆயா உட்பட. சொல்றது சுலபம், தெரியும்!

பெரும்பாலும் சளி தொடங்கின மூணாவது நாள்லேர்ந்து அஞ்சாவது நாள் வரைதான் மோசமாகும். முதல் நாள் டாக்டர் "பயப்பட ஒண்ணுமில்ல"ன்னு சொன்னாலும் மூச்சை எண்ணிக்கிட்டே இருங்க.

[திரையில்: தூங்குற பாப்பா, போன்ல ஸ்டாப்வாட்ச்]

அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக் கூடாது, கணக்கு ஏறிடும். சட்டையைத் தூக்கிட்டு, வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினா ஒண்ணு. முழு 60 விநாடி எண்ணுங்க. 15 விநாடி எண்ணி நாலால பெருக்கினா தப்பாகும்: பச்சைக் குழந்தை கொஞ்ச நேரம் வேகமா மூச்சு விட்டு, சட்டுனு நிறுத்தி, மறுபடி விடும். 2 மாசத்துக்குள்ள 60, ஒரு வயசுக்குள்ள 50, 5 வயசுக்குள்ள 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வேகமூச்சு, அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டணும்.

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுதா, வழக்கமான பால்ல பாதிகூட இறங்கலையா, எண்ணிக்கிட்டு உட்காராதீங்க. கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, ஜிப்மர், எது பக்கமோ அங்க கிளம்புங்க. உதடு நீலமானா 108. போன தடவை மிஞ்சின ஆன்டிபயாடிக் சிரப்பை ஊத்திப் பார்க்காதீங்க, வைரஸ்கிட்ட அது செல்லாது.