விழப்போகிற பல்தானே என்பவர்களுக்கு

(பல் மருத்துவக் கல்லூரி ஆண்டு விழா ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்னிலை வகிக்கும் துறைத் தலைவர்களே, எனக்கு முன் வாழ்த்துரை வழங்கி அமர்ந்திருக்கும் மூத்த பேராசிரியர் அவர்களே, பட்டம் பெறப்போகும் மாணவச் செல்வங்களே, அவர்களைப் பெற்றவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மூத்த பேராசிரியரை வணங்கிவிட்டு அப்படியே கடந்து போக என்னால் முடியாது. வாய்க்குள் காட்டும் சின்னக் கண்ணாடியை எப்படிப் பிடிப்பது என்று எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான். "நோயாளி வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி நீ காதைத் திற" என்பார். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் குரல் கேட்கிறது. அப்புறம், மேடையில் இல்லாத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்து அடுக்கி வைக்கும் ஊழியர்கள் இந்த அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் ஒரு பல்லைக்கூட நம்மால் தொட முடியாது. ஐயா, அம்மா, உங்களுக்கு என் வணக்கம்.

மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்தேன். பல் நோய் எப்படி வருகிறது, அதைத் தடுக்க ஆராய்ச்சி என்ன கண்டுபிடித்தது என்பது ஒன்று. சிகிச்சை முறைகள் எப்படி மாறின என்பது இரண்டு. செயற்கைப் பல் வேர், ஆய்வகத்தில் பல் வளர்க்கும் முயற்சி ஆகியவை மூன்று.

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த பழமொழி இது. பல்லுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஏனென்றால் பல்லின் மேல் உறையான எனாமலில் உயிருள்ள செல் எதுவும் இல்லை. தோல் கிழிந்தால் வளர்கிறது, எலும்பு முறிந்தால் கூடுகிறது. எனாமலில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான்.

வெள்ளம் எப்படி வருகிறது? பல்லின் மேல் படியும் பாசி போன்ற படலத்தில் கிருமிகள் வாழ்கின்றன. நாம் இனிப்பு சாப்பிட்டதும் அவை அதை அமிலமாக மாற்றுகின்றன. சில நிமிடங்களில் பல்லின் மேற்பரப்பில் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் (அது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே போகும்போது எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. அதைச் சரிசெய்ய உமிழ்நீருக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேண்டும். அதற்குள் இன்னொரு இனிப்பை வாயில் போட்டால் உமிழ்நீர் என்ன செய்யும்? ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை தடவை என்பதையும் பெற்றோர் பார்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை, வாய் நோய்களால் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 350 கோடிப் பேர் என்கிறது. பால் பற்களில் சொத்தை உள்ள குழந்தைகள் மட்டும் 51 கோடிப் பேர். பெரும்பாலும் தடுக்கக்கூடிய ஒரு நோய்க்கு இத்தனை பேர்!

இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும். உண்மைக் கதை. 1901-இல் ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளைஞர், பல் மருத்துவப் படிப்பை முடித்த கையோடு அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு வந்து மருத்துவமனை திறக்கிறார். வருகிறவர்கள் வாயைத் திறந்தால் இவருக்கு அதிர்ச்சி. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பலருக்குப் பற்களில் சாக்லேட் நிறக் கறை. தேய்த்தாலும் போகாத கறை. புத்தகங்களைப் புரட்டினார், ஒன்றும் இல்லை. அக்காலத்துப் பல் மருத்துவ மேதை ஜி.வி. பிளாக்கை எழுதி அழைத்தார். 1909-இல் அவரும் வந்து பார்த்து வியந்தார். இருவரும் சேர்ந்து ஆராய்ந்தபோது இன்னொரு புதிர் தெரிந்தது. கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை அதிகம் விழவில்லை! 1915-இல் பிளாக் காலமானார். மெக்கே விடவில்லை.

1923-இல் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே தாய்மார்கள் சொன்னார்கள்: தூரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வந்தது என்று. பாருங்கள், ஆய்வகம் சொல்லாததைத் தாய்மார்கள் சொன்னார்கள். "அந்தத் தண்ணீரை விட்டுவிடுங்கள்" என்றார் மெக்கே. ஊர் கேட்டது. சில வருடங்களில் சிறு பிள்ளைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன. சரி, தண்ணீர்தான் காரணம். தண்ணீரில் எது? அடுத்து ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பாக்சைட் என்ற ஊர். அங்கும் அதே கறை. அது அலுமினிய நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான ஊர். அலுமினியப் பாத்திரம் நஞ்சு என்று ஏற்கெனவே புகார் கிளம்பியிருந்ததால், நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் சர்ச்சில் பதறிப்போய்த் தண்ணீரை நுட்பமாகச் சோதித்தார். அதில் ஃபுளோரைடு என்ற உப்பு அளவுக்கு மீறி இருந்தது. 1931-இல் மெக்கேவுக்குக் கடிதம் எழுதினார். இளைஞராக வந்தவருக்கு விடை கிடைக்க முப்பது வருடம் ஆனது!

அதற்கு மேல் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஃபுளோரைடு இருந்தால் பெரிதாகக் கறை வராது, சொத்தையும் குறையும் என்று அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறைப் பல் மருத்துவர் டிரெண்ட்லி டீனின் குழுவினர் கணக்கிட்டார்கள். 1945 ஜனவரி 25-இல் அமெரிக்காவின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரக் குடிநீரில் அதை முதன்முதலாகச் சேர்த்தார்கள். அதன்பின் பிறந்த குழந்தைகளிடம் சொத்தை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஆனால் அளவு மீறினால் பல்லும் எலும்பும் கெடும். நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் அதை அகற்றித்தான் குடிக்க வேண்டும். இதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது. அதனால்தான் நான் ஃபுளோரைடு கலந்த பற்பசை பக்கம் நிற்கிறேன். அது பல்லின் மேல் நேராக வேலை செய்கிறது, துப்பிவிடவும் முடிகிறது.

இனி, நான் எதற்காக ஊர் ஊராகப் பேசித் திரிகிறேனோ அதற்கு வருகிறேன். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் அம்மா அழைத்து வந்தார். கன்னம் வீங்கி, காய்ச்சலோடு இருந்தாள். அதற்கு ஒரு வருடம் முன்பே கடைவாய்ப் பால் பல்லில் கரும்புள்ளி இருந்ததாம். "விழப்போகிற பல்தானேன்னு விட்டுட்டேன் டாக்டர்" என்று அழுதார். அந்தப் பல் பத்து, பதினொரு வயது வரை இருக்க வேண்டிய பல், அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கும் பல். பிடுங்க வேண்டியதாயிற்று. அந்த அம்மா மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. வெள்ளம் வருமுன் அணை போடச் சொல்ல வேண்டிய நாம், வெள்ளம் வந்த பிறகு மருத்துவமனைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஸ்காட்லாந்தில் நர்சரிப் பிள்ளைகள் ஆசிரியர் பார்வையில் தினமும் ஒரு தடவை ஃபுளோரைடு பற்பசையால் பல் தேய்க்கிறார்கள். பத்து வருடத்துக்குள் ஐந்து வயதுக் குழந்தைகளின் பல் சிகிச்சைச் செலவு பாதிக்கும் கீழே வந்தது. கருவி எதுவும் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு பற்பசை. தேய்த்ததும் துப்பட்டும், வாயை நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பள்ளியில் இரண்டு நிமிடம். இதைத்தான் கேட்கிறேன்.

தேய்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் உடனிருந்தவர்களும் நல்ல ஈறு கொண்ட 12 பேரைப் பல் தேய்க்க வேண்டாம் என்றார்கள். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், உங்களைப் போன்ற பிள்ளைகள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் தேய்க்கத் தொடங்கியதும் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

சிகிச்சை முறைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையில் தடவினால் பல சமயம் சொத்தை அங்கேயே நின்றுவிடுகிறது. துளையிட வேண்டாம், ஊசி வேண்டாம். அந்த இடம் கறுத்துவிடும், அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பயந்து அழும் குழந்தைக்கு இது பெரிய வரம். செயற்கை வேர் பற்றியும் ஆய்வகத்தில் பல் வளர்ப்பது பற்றியும் சொல்ல நேரம் இல்லை. இந்த மேடையிலேயே செயற்கை வேரில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

மாணவர்களே, வெளியே வாசல் அருகே ஒரு மேசை போட்டிருக்கிறோம். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் தினமும் ஆசிரியர் பார்வையில் பல் தேய்க்க ஏற்பாடு வேண்டும் என்ற மனு அங்கே இருக்கிறது. பெற்றோரும் கையெழுத்திடலாம். வாரத்தில் ஒரு மணி நேரம் பக்கத்துப் பள்ளிக்குப் போய்க் கற்றுத்தர முடிகிறவர்கள் பெயருக்கு எதிரே ஒரு குறி போடுங்கள். முதல் கையெழுத்தை முதல்வர் அவர்கள் போட்டுத் தொடங்கி வைக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.