ஃபாண்டி அகமது: கோல் கம்பத்துக்கு முன்னால் இருபது ஆண்டு

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூர்க் காற்பந்தைப் பற்றி எந்தக் காப்பிக்கடை மேசையில் பேச்சு எழுந்தாலும் பத்து நிமிடத்துக்குள் ஃபாண்டி அகமதுவின் பெயர் வந்துவிடும். தேசிய அணிக்கு 101 ஆட்டம், 55 கோல். இந்த இரண்டு எண்களையும் மனப்பாடமாகச் சொல்பவர்கள் நிறையப் பேர். அவற்றுக்குப் பின்னால் உள்ள கணக்கை இன்று கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். தென்கிழக்காசியாவில் பிறந்த ஒரு தாக்குதல் ஆட்டக்காரருக்கு எந்த வாசல் திறந்தது, எது சாத்தப்பட்டது, அவர் உடம்பு எங்கே தடுமாறியது என்பதுதான் அந்தக் கணக்கு.

ஃபாண்டி 1962 மே 29ஆம் தேதி பிறந்தவர். அவருடைய தந்தை அகமது வர்தாம் தேசிய அணியின் கோல்காப்பாளர். ஃபாண்டி பதின்ம வயதிலேயே சிங்கப்பூர் அணிக்குள் வந்துவிட்டார். அந்தக் காலத்தில் சிங்கப்பூர், மலேசிய மாநில அணிகளோடு மலேசியக் கிண்ணப் போட்டியில் ஆடிவந்தது. 1980இல் கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கில் அதன் இறுதியாட்டம் நடந்தது. எதிரணி சிலாங்கூர். சிங்கப்பூர் 2-1 என்று வென்றது. வெற்றி கோலை அடித்தவர் ஃபாண்டி. அன்றிலிருந்து ஒவ்வொரு தற்காப்பு ஆட்டக்காரரும் அவர் தோளோடு தோளாக ஒட்டிக்கொண்டே ஆடத் தொடங்கினார்கள்.

தேசிய சேவை எனும் கட்டாயப் படைச் சேவைக்குப் பிறகு, 1982இல், நெதர்லாந்தின் அயாக்ஸ் கழகம் அவரைச் சோதித்துப் பார்த்து மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுக்க முன்வந்தது. அவர் அதை ஏற்கவில்லை. இந்தோனேசியாவின் சுராபாயாவில் இருந்த நியாக் மித்ரா அணிக்குப் போனார். இதைத் தவறவிட்ட வாய்ப்பு என்று இன்றும் சிலர் அங்கலாய்ப்பார்கள். அன்றைய அயாக்ஸ் அணியின் பட்டியலைப் பார்த்துவிட்டு அங்கலாய்க்க வேண்டும். 1981-82 பருவத்தில் 32 கோல் அடித்து, அதிக கோல் அடிப்பவருக்கான ஐரோப்பாவின் தங்கக் காலணியைப் பெற்ற விம் கீஃப்ட் அங்கே இருந்தார். அதே பருவத்தில்தான் பதினேழு வயது மார்கோ வான் பாஸ்டன் முதன்முதலாகக் களமிறங்கினார். யோஹன் கிரைஃபும் அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தார். இருபது வயதுக்காரர் அந்த வரிசையில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ நின்றிருக்க வேண்டும். ஆடாமல் உட்கார்ந்திருக்கும் தாக்குதல் ஆட்டக்காரருக்கு முதலில் போவது வேகமல்ல, நேரக் கணிப்பு. பந்து வரும் கணத்துக்கு அரை வினாடி முன்பே கால் நகர வேண்டும். அந்தப் பழக்கம் பயிற்சித் திடலில் முழுதாக வராது. ஆட்டம் வேண்டும். ஆகவே அன்று அவர் எடுத்த முடிவு சரியானது என்பதே என் கருத்து.

சுராபாயாவில் அவருக்கு ஆட்டம் கிடைத்தது. நியாக் மித்ரா 1982-83 பருவத்தில் இந்தோனேசியாவின் கலாதாமா லீக்கை வென்றது. அதே அணியில் சிங்கப்பூரின் கோல்காப்பாளர் டேவிட் லீயும் இருந்தார். 1983 ஜூனில் சுற்றுப்பயணமாக வந்த இங்கிலாந்தின் அர்செனலை அந்த அணி 2-0 என்று தோற்கடித்தது. அதில் ஒரு கோல் ஃபாண்டியுடையது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது இந்தோனேசியக் காற்பந்துச் சங்கம் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை போட்டது. தென்கிழக்காசியாவில் ஓர் ஆட்டக்காரரின் பிழைப்பு இப்படித்தான் ஒரு சுற்றறிக்கையில் மாறிப்போகும். ஆனால் அந்தத் தடை ஃபாண்டியை நெதர்லாந்தின் வடக்கே, குரோனிங்கன் நகருக்கு அனுப்பியது.

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகை வடக்கே இருக்கிறது. குரோனிங்கன் ஐம்பத்து மூன்று பாகை வடக்கே. நம் திடல்களில் அகன்ற இலைப் புல், அதற்கடியில் வெயிலில் இறுகிய மண். அதற்கு அடிப்பாகத்தோடு சேர்த்து வார்த்த, குட்டையான பல குமிழ்கள் உள்ள காலணி போதும். மழையில் ஊறிய ஐரோப்பியத் திடலில் ஆறு உலோகக் குமிழ்களைத் திருகிப் போட வேண்டும். முன்பாதத்தில் நான்கு, குதிகாலில் இரண்டு. குதிகால் குமிழ் சற்று நீளம். குமிழ் குட்டையாக இருந்தால் ஊன்றிய கால் வழுக்கும். அப்போது உள்தொடைத் தசை இழுத்துக்கொள்ளும். அளவுக்கு மீறி நீளமாக இருந்தால் பாதம் மண்ணில் பூட்டிக்கொள்ளும், உடல் மட்டும் திரும்பும், பாரம் முழுவதும் முழங்காலுக்குப் போகும். புதிய ஊரில் முதல் சில வாரங்களில் காயம் அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். தரையும் குளிரும் பயிற்சிச் சுமையும் ஒரே நேரத்தில் மாறிவிடுகின்றன.

ஃபாண்டிக்கும் தொடைத் தசையில் காயம் வந்தது. பருவத்தின் தொடக்க வாரங்கள் போயின. அவர் குரோனிங்கனுக்காக முதன்முதலாகக் களமிறங்கியது 1983 அக்டோபர் 19ஆம் தேதி, ஐரோப்பியக் கழகங்களுக்கான யூஏஃபா கிண்ணத்தின் இரண்டாம் சுற்றில், இத்தாலியின் இன்டர் மிலானுக்கு எதிராக. முந்தைய ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற இத்தாலிய அணியின் பெர்கோமியும் அல்தோபெல்லியும் இன்டரில் ஆடிக்கொண்டிருந்த காலம் அது. குரோனிங்கன் 2-0 என்று வென்றது. இரண்டாவது கோலை, ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில், ஃபாண்டி அடித்தார். மறு ஆட்டத்தில் இன்டர் 5-1 என்று திருப்பிக் கொடுத்துக் குரோனிங்கனை வெளியேற்றியது. முதல் ஆட்டத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

அந்தக் கோலை எடைபோடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பந்து தரப்படும் கணத்தில் தாக்குபவர் எவ்வளவு முன்னால் நிற்கலாம் என்று சொல்வது ஆஃப்சைட் விதி. அன்றைய விதி வேறு. கடைசியிலிருந்து இரண்டாவதாக நிற்கும் எதிரணி ஆட்டக்காரரோடு ஒரே கோட்டில் நின்றால் இன்று ஆஃப்சைட் இல்லை. இந்த மாற்றம் 1990இல்தான் வந்தது. அதற்கு முன் ஒரே கோட்டில் நின்றாலும் கொடி உயரும். அதனால் எண்பதுகளின் தாக்குதல் ஆட்டக்காரர் ஓர் அடி பின்னால் நின்று தொடங்கி, அந்த ஓர் அடியை ஓட்டத்தில் ஈடுகட்ட வேண்டியிருந்தது.

அதை எப்படிச் செய்வது? வலப்பக்கத்தில் நம் அணியின் பக்க ஆட்டக்காரரிடம் பந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மைக் காவல் காப்பவர் பந்தைப் பார்த்தாக வேண்டும். அவருடைய தோளுக்குப் பின்னால், பந்துக்கு எதிர்ப்பக்கத்தில், இரண்டடி தள்ளி, அவர் கண் படாத இடத்தில் நில்லுங்கள். பக்க ஆட்டக்காரர் பந்தைத் தூக்கிக் கொடுக்கத் தலையைக் குனியும் கணம்தான் சைகை. அதற்குச் சற்று முன் இரண்டு எட்டு தூரக் கம்பத்தை நோக்கி விலகுங்கள். காவலர் எடையை அந்தப் பக்கம் சாய்ப்பார். உடனே அவருக்கு முன்பாகக் குறுக்கே வெட்டி அருகுக் கம்பத்துக்குப் போங்கள். ஓட்டம் நேர்க்கோட்டில் இருக்கக் கூடாது. தற்காப்பு வரிசைக்கு இணையாக வளைந்து ஓடி, பந்து கிளம்பிய பிறகு கோலை நோக்கித் திரும்ப வேண்டும். இளம் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, சீக்கிரம் கிளம்பிவிடுவது. அப்போது கொடி உயரும், அல்லது கம்பத்தருகே போய் நின்றுகொண்டு பந்துக்காகக் காத்திருக்க நேரிடும். நின்றுவிட்ட ஆட்டக்காரரைக் காவலர் எளிதில் மறைத்துவிடுவார்.

அந்தப் பருவத்தில் ஃபாண்டி லீக்கில் 29 ஆட்டத்தில் 10 கோல் அடித்தார். மூன்று ஆட்டத்துக்கு ஒரு கோல். தேசிய அணிக்கு அவர் விகிதம் ஏறத்தாழ இரண்டு ஆட்டத்துக்கு ஒன்று. முதல் விகிதம் சிறியதாகத் தெரியலாம். வெளிநாட்டிலிருந்து வந்து, காயத்தோடு தொடங்கி, முதல் ஆண்டிலேயே நெதர்லாந்தின் உயர்நிலை லீக்கில் அதைச் செய்தார் என்பதைச் சேர்த்து எடைபோட்டால் அந்தப் பத்துதான் கனமானது. அடுத்த பருவம் அப்படி அமையவில்லை. காயம் குறுக்கிட்டது, ஆட்டங்கள் அரிதாயின, 1985இல் அவர் விலகினார்.

தொடைக் காயத்தைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்த அளவு அன்று தெரியாது. வேகமாக ஓடும்போது, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், முழங்கால் நீள்கிறது. பின்தொடைத் தசை அந்த நீட்சிக்குப் பிரேக் போடுகிறது. நீண்டுகொண்டே இறுகும் அந்தக் கணத்தில்தான் அது கிழிகிறது. வலி போனவுடன் ஆடவிட்டால் அதே இடத்தில் மறுபடியும் கிழியும். காயமில்லாத காலின் வலுவில் குறைந்தது பத்தில் ஒன்பது பங்கு திரும்பியிருக்க வேண்டும், முழு வேக ஓட்டத்தைப் பலமுறை வலியின்றி ஓடிக் காட்ட வேண்டும். இதைத் தடுக்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. உடலை நிமிர்த்தி மண்டியிட்டு நிற்க வேண்டும். துணைவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்வார். இடுப்பை மடக்காமல் உடலை மெல்ல மெல்ல முன்னால் சாய்த்து, தாங்க முடியாத நிலையில் கைகளை ஊன்ற வேண்டும். முதல் வாரம் ஒரே நாள், இரண்டு சுற்று, சுற்றுக்கு ஐந்து முறை. அடுத்த வாரம் இரண்டு நாள், ஆறு முறை. மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று நாள், மூன்று சுற்று. ஐந்தாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பத்து, எட்டு என்று செய்து பத்தாம் வாரம்வரை தொடர வேண்டும். தொடக்கத்தில் தசை வலிக்கும். அந்த வலியைப் பார்த்துப் பயந்து இரண்டாம் வாரத்தில் கைவிடுபவர்களே அதிகம்.

ஃபாண்டி மலேசியாவுக்கு வந்தார். 1987லும் 1988லும் கோலாலம்பூர் மலேசியக் கிண்ணத்தை வென்ற அணியில் இருந்தார். கிரேக்கத்தில் ஓஎஃப்ஐ கிரீட்டில் குறுகிய காலம் ஆடினார். பிறகு மலேசியாவின் பாஹாங் மாநில அணி. 1992இல் அந்த அணி லீக், கிண்ணம் இரண்டையும் வென்றது.

1993இல் அவர் சிங்கப்பூர் அணிக்குத் திரும்பியபோது அது இரண்டாம் பிரிவில் இருந்தது. அந்த ஆண்டு அவரோடு முன்வரிசையில் ஆடியவர் நம்மவர், வி. சுந்தரமூர்த்தி. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்துக்கு ஆடியவர் அவர். முதுகைத் தரைக்குக் கொடுத்து அந்தரத்தில் உதைக்கும் உதையை சிங்கப்பூர் ரசிகர்கள் அவரோடுதான் சேர்த்து நினைக்கிறார்கள். பாதுகாப்பு வரிசையை இழுத்துக் கலைப்பது சுந்தரம், கலைந்த இடத்துக்குள் நுழைவது ஃபாண்டி. அந்தக் கூட்டணி முதல் பிரிவுக்கு ஏறியது, ஆனால் கிண்ண இறுதியாட்டத்தில் கெடாவிடம் தோற்றது. அடுத்த ஆண்டு அணியில் சுந்தரத்துக்கு இடமில்லை. அவர் அந்த 1994ஐத் தவறவிட்டது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

1994 டிசம்பர் 17ஆம் தேதி, ஷா ஆலம் அரங்கு. எதிரே ஃபாண்டியின் பழைய அணி பாஹாங். சிங்கப்பூர் 4-0. அப்பாஸ் சாத் மூன்று கோல் அடித்தார். லீக்கும் ஏற்கெனவே கையில் இருந்தது. அணித்தலைவர் ஃபாண்டிக்கு வயது 32, அந்தப் பருவத்தில் 26 கோல். வேகம் குறைந்த வயதில் எண்ணிக்கை கூடியது. எங்கே நிற்க வேண்டும் என்று காலுக்குத் தெரிந்துவிட்டால் ஓட வேண்டிய தூரம் குறைந்துவிடுகிறது.

அதன்பின் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளை விட்டு விலகியது. 1996இல் சிங்கப்பூரின் சொந்தத் தொழில்முறை லீக்கான எஸ் லீக் தொடங்கியது. முதல் ஆண்டில் கேலாங் யுனைடெட்டோடும், 1997, 1998 ஆண்டுகளில் ஆயுதப்படை அணியோடும் ஃபாண்டி வாகை சூடினார். 1999இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, 2000இல் அதே ஆயுதப்படை அணியைப் பயிற்றுவிப்பாளராக வெல்ல வைத்தார்.

அவருக்குத் திறந்த வாசல் இன்றைய பையனுக்குத் திறக்குமா? நெதர்லாந்தில் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் இருபது வயது கடந்த ஆட்டக்காரருக்கு, உயர்நிலை லீக்கின் சராசரிச் சம்பளத்தில் ஒன்றரை மடங்கு கொடுத்தாக வேண்டும். நடுத்தரக் கழகம் ஒன்று, பெயர் தெரியாத இளைஞருக்கு அவ்வளவு பணம் கொடுக்கத் தயங்கும். பதினெட்டு, பத்தொன்பது வயதுக்கு அது முக்கால் மடங்குதான். ஆகவே காலம் முக்கியம், ஆனால் சிங்கப்பூர் இளைஞருக்கு அந்த இரண்டு ஆண்டுகள் தேசிய சேவையில் போகும். ஜப்பானின் ஜே லீக் தாய்லாந்து, வியட்னாம், இந்தோனேசியா, சிங்கப்பூர் போன்ற பங்காளி நாட்டு ஆட்டக்காரர்களை வெளிநாட்டவர் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. தாய்லாந்தின் தீராசில் தங்டா 2018இல் ஹிரோஷிமாவுக்கு ஆடியது இந்தச் சலுகை நடப்பில் இருந்த காலத்தில்தான். ஃபாண்டியின் மகன் இக்சான், அவரும் தாக்குதல் ஆட்டக்காரர், 2019இல் நார்வேயின் ரவ்ஃபோஸ் அணியைத் தேர்ந்தெடுத்தார். அது நார்வேயின் இரண்டாம் நிலை லீக். அங்கே அவருக்கு ஆட்டம் கிடைத்தது.

நன்றி நேயர்களே, வணக்கம்.