கட்டுவதற்குக் கிடைத்த கடன்

நேயர்களுக்கு வணக்கம். கடற்கரை இல்லாத ஒரு நாடு, அண்டை நாட்டின் துறைமுகத்தை எட்டுவதற்காக வெளிநாட்டுக் கடனில் ரயில் பாதை அமைத்தால் அந்தக் கடன் பிற்காலத்தில் என்ன ஆகிறது என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ரயில்வே கணக்குப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், திறப்பு விழாப் புகைப்படங்களைவிடப் பதினைந்தாம் ஆண்டின் செலவுப் பதிவேட்டைப் பார்ப்பதே என் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு, தான்சானியாவையும் ஜாம்பியாவையும் இணைக்கும் டசாரா ரயில் பாதையை இன்று எடுத்துக்கொள்கிறேன். ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிவிட்ட பாதை என்பதால் அதன் வரவையும் செலவையும் ஊகமின்றிப் பேச முடிகிறது.

ஜாம்பியா 1964 அக்டோபரில் விடுதலை பெற்றது. அதன் ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் செம்பிலிருந்து வந்தது. அந்தச் செம்பு கடலுக்குப் போக வேண்டுமானால் தெற்கே ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) ரயில்களில் ஏறி, போர்ச்சுகல் ஆண்டுகொண்டிருந்த மொசாம்பிக்கின் பெய்ரா போன்ற துறைமுகங்களை அடைய வேண்டும். 1965 நவம்பர் 11ஆம் தேதி, ரொடீசியாவின் வெள்ளையர் சிறுபான்மை அரசு இயன் ஸ்மித்தின் தலைமையில் பிரிட்டனிடமிருந்து தன்னிச்சையாக விடுதலை அறிவித்தது. அதோடு ஜாம்பியாவின் ஒரே பெரிய வருமானம் பகைவர் கையில் இருக்கும் தண்டவாளத்தில் தொங்கலாயிற்று. வடகிழக்கே, நட்பு நாடான தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகம் இருந்தது. அங்கே போக ரயில் இல்லை, இருந்த சாலையும் மழைக்காலத்தில் லாரிகளைச் சேற்றில் புதைத்தது.

தான்சானிய அதிபர் ஜூலியஸ் நைரேரேயும் ஜாம்பிய அதிபர் கென்னத் கவுண்டாவும் முதலில் மேற்கு நாடுகளிடமும் உலக வங்கியிடமும்தான் கேட்டார்கள். இருக்கிற தெற்குப் பாதையிலேயே சரக்கைக் கொண்டுபோக இடமிருக்கும்போது புதிய பாதை பொருளாதார ரீதியில் தாங்காது என்பது உலக வங்கியின் முடிவு. இந்த முடிவைப் பிற்காலத்தில் பலரும் ஏளனம் செய்தார்கள். நான் செய்யமாட்டேன். கணக்கு என்ற அளவில் அது சரியான கணக்கு. ஆனால், தெற்குப் பாதை யாருடைய தயவில் திறந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கணக்கில் ஒரு பத்தி இல்லை.

அந்த நிலையில் சீனா முன்வந்தது. அது அப்போது பணக்கார நாடல்ல. கலாசாரப் புரட்சியின் கொந்தளிப்பில் இருந்தது. 1967 செப்டம்பரில் பெய்ஜிங்கில் மூன்று நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. 1970இல் உறுதியான கடன் தொகை 98.8 கோடி யுவான். வட்டி கிடையாது, திருப்பித் தர 30 ஆண்டுகள், சுமை தான்சானியாவுக்குப் பாதி, ஜாம்பியாவுக்குப் பாதி. வட்டியே இல்லாத கடனில் என்ன குறை காண முடியும் என்று தோன்றும். குறை வட்டியில் இல்லை என்பதைப் பிறகு பார்ப்போம்.

1970 அக்டோபரில் கட்டுமானம் முறைப்படி தொடங்கியது. தார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியாவின் கபிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர். சீனாவிலிருந்து வந்து வேலை செய்து திரும்பியவர்கள் சுமார் 50,000 பேர் என்று சொல்லப்படுகிறது. அவர்களோடு பல்லாயிரம் தான்சானிய, ஜாம்பியத் தொழிலாளர்கள். 60க்கும் மேற்பட்ட சீனர்கள் அங்கேயே இறந்தார்கள். அவர்களுக்கான கல்லறைத் தோட்டம் தார் எஸ் சலாமுக்கு அருகே கோங்கோ லா ம்போட்டோவில் இருக்கிறது. கடல்மட்டத்தில் புறப்படும் பாதை, கிலோம்பெரோ சமவெளியைக் கடந்து, ம்லிம்பாவிலிருந்து மகம்பாக்கோ வரை மலைச்சரிவில் குகைவழிகளும் உயர்ந்த பாலங்களுமாக ஏறி, ம்பேயாவுக்கு அருகில் சுமார் 1,790 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. இவ்வளவையும் குறித்த காலத்துக்கு முன்பாகவே முடித்து, 1976 ஜூலை 14ஆம் தேதி இரு நாடுகளிடமும் ஒப்படைத்தார்கள். கட்டிய திறமையைப் பற்றி எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை.

அந்தக் கடன் எப்படிப் பணமாக மாறியது என்பது, என் போன்ற கணக்குக்காரனுக்கு மிகவும் சுவையான பகுதி. தண்டவாளமும் எஞ்சினும் சீனாவிலிருந்து கப்பலில் வந்துவிடும். ஆனால், உள்ளூர்த் தொழிலாளிக்குக் கூலி ஷில்லிங்கிலும் குவாச்சாவிலும் கொடுக்க வேண்டுமே, அந்தப் பணத்துக்கு எங்கே போவது? சீனாவிடம் அந்நியச் செலாவணி குறைவு. ஆகவே, அன்றாடம் வீட்டுக்கு வேண்டிய நுகர்பொருள்களைச் சீனா கடனாக அனுப்பியது. அரசு வணிக நிறுவனங்கள் அவற்றை வாங்கிக் கடைகளில் விற்றன. விற்ற காசில் கூலி கொடுக்கப்பட்டது. தார் எஸ் சலாமில் ஒரு குடும்பத்தலைவி சீனப் பண்டம் ஒன்றை வாங்கினால், அந்தக் காசு சுற்றிப்போய் ம்லிம்பாவில் மண் வெட்டியவர் கைக்குச் சேரும். கேட்க அழகான ஏற்பாடுதான். ஆனால், அந்தப் பண்டங்களின் விலையும் ரயில் பாதையின் கடனில் ஏறியது. கிடங்கில் விற்காமல் தேங்கிய சரக்குக்கும் கடன் கடன்தான்.

இனி, பாதை ஓடத் தொடங்கிய பிறகு நடந்ததைப் பார்ப்போம். முதல் தொல்லை எஞ்சினில் வந்தது. சீனா அனுப்பியவை டீசல்-ஹைட்ராலிக் வகை. அவற்றில் டீசல் எஞ்சினின் சுழற்சி, எண்ணெய் நிரம்பிய ஒரு கலத்தின் வழியாகச் சக்கரத்துக்குப் போகும். சமதரையில் இது குற்றமில்லை. முழுச் சரக்கோடு, மெதுவான வேகத்தில், மணிக்கணக்காக ஏற்றம் ஏற வேண்டியிருந்தால், இழுவையாக மாற வேண்டிய சக்தியில் பெரும்பங்கு எண்ணெயைச் சூடாக்குவதிலேயே கழிந்துவிடும். டசாராவின் மலைச்சரிவு அப்படிப்பட்டது. அந்த எஞ்சின்களின் வலிமை அதற்குப் போதவில்லை. பழுதுபட்டால் பாகம் சீனாவிலிருந்து வர வேண்டும். பாகத்துக்கு அந்நியச் செலாவணி வேண்டும். ஜாம்பியாவுக்குச் செலாவணி தருவது செம்பு. அந்தச் செம்பின் உலக விலையோ, பாதை முடிகிற தறுவாயில், 1975இல், சரிந்துபோயிருந்தது. பாதை கட்டக் கடன் கொடுத்த ஒப்பந்தத்தில், பாதையை ஓட்டும் அன்றாடச் செலவுக்கான சுழல்நிதிக்குத் தாராளமான இடம் இருக்கவில்லை. கடைசியில் 1980களில் மேற்கு நாடுகளின் உதவியோடு டீசல்-மின்சார எஞ்சின்கள் வந்துதான் மலையேற்றம் ஓரளவு சீரானது. முதலில் மறுத்தவர்களிடமே இரண்டாம் முறை போக வேண்டியிருந்தது.

இதன் விளைவு எங்கே தெரிந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1973 ஜனவரியில் ரொடீசியா எல்லையை மூடியபோது, செம்புக்கு மட்டும் விலக்கு உண்டு என்று சொல்லிப் பார்த்தது. அந்த விலக்கு வேண்டாம் என்று கவுண்டா மறுத்தார். அவ்வளவு வீம்போடு மறுத்தவர், 1978 அக்டோபரில், டசாரா ஓடத் தொடங்கி இரண்டே ஆண்டுகள் கழித்து, தெற்கு எல்லையைத் தாமே திறந்துவிட்டார். விதைப்புக்கு முன் உரம் வந்தாக வேண்டும். தார் எஸ் சலாம் துறைமுகத்தில் சரக்கு குவிந்து கிடந்தது. இழுக்க வேகனும் எஞ்சினும் போதவில்லை. அங்கோலாவின் உள்நாட்டுப் போரால் மேற்கே பெங்குவேலா ரயிலும் 1975இலேயே நின்றுபோயிருந்தது. அரசியல் விடுதலைக்காகப் போட்ட பாதையால் அந்த அவசரத்துக்குக் கைகொடுக்க முடியவில்லை. மறு ஆண்டு ரொடீசியப் படையினர் சம்பேஷி ஆற்றின்மேல் இருந்த டசாராவின் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது தனிக் கதை.

ஆண்டுக்கு 20 லட்சம் டன் சரக்கு என்ற கணக்கில் திட்டமிட்ட பாதை, அதன் நல்ல காலத்தில் 12 லட்சம் டன்னைச் சற்றே தாண்டியது. 2014-15இல் ஒரு லட்சம் டன்னுக்கும் கீழே விழுந்தது. இடையில் பல காரணங்கள் சேர்ந்தன. ரொடீசியா 1980இல் ஜிம்பாப்வே ஆயிற்று. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி 1994இல் முடிந்தது. தெற்குப் பாதைகள் பகைவரின் பாதைகளாக இருப்பது ஒழிந்தது. ஜாம்பியாவின் செம்பு உற்பத்தியே 1969இல் சுமார் 7 லட்சம் டன்னாக இருந்தது 2000இல் இரண்டரை லட்சம் டன் அளவுக்கு இறங்கியது. இருந்த சரக்கையும் லாரிகள் கொண்டுபோயின. லாரிக்காரர் சொன்ன நாளில் கொண்டுபோய்ச் சேர்ப்பார், எஞ்சின் இல்லாத ரயில்வேயால் அப்படிச் சொல்ல முடியாது. சம்பளம் மாதக்கணக்கில் பாக்கிப்பட்டு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்த ஆண்டுகளும் உண்டு. இரண்டு அரசுகளுக்கும் சரிபாதி உரிமை என்பதால், முதல் போடும் நேரம் வரும்போது ஒவ்வொன்றும் மற்றதன் முகத்தைப் பார்த்தது. பங்காளிகளின் பொதுக்கிணற்றைத் தூர்வாரும் கதையை நம் கிராமங்களில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சீனாவின் கடனைப் பற்றிப் பேசும்போது, கடனில் சிக்கவைத்துச் சொத்தைப் பறிப்பது என்ற பொருளில், கடன்பொறி என்ற சொல்லை உடனே எடுத்துவிடுகிறோம். டசாராவின் வரலாறு அந்தச் சொல்லுக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. இங்கே கடன் கொடுத்தவர் எதையும் பறிக்கவில்லை, வட்டியும் வாங்கவில்லை. பாதை தளர்ந்தது, ஓட்டுவதற்கான பணத்தை யாருமே திட்டமிடாததால்.

புதிய பாதைகளில் வேறு வகையான கடன் வந்திருக்கிறது. எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூட்டி துறைமுகம் வரை 750 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான மின்மயப் பாதை 2016இல் திறக்கப்பட்டு, 2018 முதல் வணிக ரீதியாக ஓடுகிறது. சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனை டாலரில் அடைக்க வேண்டும். சரக்கு ஏற்றும் எத்தியோப்பிய வணிகரிடம் இருப்பதோ உள்ளூர் நாணயமான பிர். முதலில் பத்து ஆண்டுகளில் திருப்ப வேண்டியிருந்த அந்தக் கடனை, வணிக ஓட்டம் தொடங்கிய அதே 2018இல், 30 ஆண்டுகளாக நீட்டித்து வாங்க வேண்டியிருந்தது. ரயில் பாதையின் ஆயுள் ஐம்பது, நூறு ஆண்டுகள். அதைப் பத்தாண்டுக் கடனில் கட்ட ஒப்புக்கொண்ட நாளிலேயே இந்த நீட்டிப்பும் நிச்சயமாகிவிட்டது என்று நான் சொல்வேன்.

லாவோஸின் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. சீன எல்லையிலுள்ள போட்டெனிலிருந்து தலைநகர் வியன்டியான் வரையான பாதை 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. செலவு சுமார் 590 கோடி டாலர். ஒரு கூட்டு நிறுவனம் அதை நடத்துகிறது. பங்கு சீனத் தரப்புக்கு 70 சதவீதம், லாவோஸுக்கு 30 சதவீதம். செலவில் அறுபது சதவீதம் அந்த நிறுவனத்தின் பெயரில் வாங்கிய கடன் என்பதால், அரசுக் கடன் என்ற தலைப்பின்கீழ் அது வராது. லாவோஸ் தன் பங்கு முதலாகப் போட்ட 73 கோடி டாலரிலும் 48 கோடி அதே சீன வங்கியின் கடன்தான். பாதை என்னவோ நன்றாக ஓடுகிறது. வியன்டியானிலிருந்து வடக்கே லுவாங் பிரபாங் நகருக்கு மலைச்சாலையில் நாள் முழுதும் குலுங்கிப் போனவர்கள் இப்போது சுமார் இரண்டு மணி நேரத்தில் போகிறார்கள். ஆனால், 2021இன் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 9,000 சொச்சமாக இருந்த லாவோ கிப், 2023இல் 20,000ஐத் தாண்டியது. டாலரில் வாங்கிய கடனின் தவணை, பயணிச்சீட்டு ஒன்றுகூட அதிகமாக விற்காமல், உள்ளூர்ப் பணத்தில் இருமடங்காகிவிட்டது.

எல்லை தாண்டும் பாதைகளுக்கே உரிய இன்னொரு தொல்லை, தண்டவாளத்தின் அகலம். எழும்பூரில் மீட்டர்கேஜும் சென்ட்ரலில் பிராட்கேஜும் இருந்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். ஒரு வேகனிலிருந்து இன்னொரு வேகனுக்கு மூட்டை மாற்றும் கூலியும் தாமதமும் சரக்கின் விலையில் ஏறிக்கொள்ளும். டசாராவைக் கட்டும்போது ஜாம்பியாவின் பழைய பாதையோடு பொருந்துவதற்காக 1,067 மில்லிமீட்டர் அகலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தான்சானியாவின் பழைய பாதையோ, ஜெர்மானியர் காலம் முதல் 1,000 மில்லிமீட்டர். வித்தியாசம் 67 மில்லிமீட்டர், நான்கு விரல்களைச் சேர்த்து வைத்த அகலம்கூட இல்லை. அந்த நான்கு விரல் இடைவெளியால், ஒரே நாட்டின் இரண்டு ரயில்வேக்கள் ஒன்றின் வேகனை இன்னொன்றின் தண்டவாளத்தில் ஓட்ட முடியாமல் இருக்கின்றன. லாவோஸிலும் இதே கதை: சீனத்துப் பாதை 1,435, மீகாங் ஆற்றின் அக்கரையில் தாய்லாந்தின் பாதை 1,000, வியன்டியானுக்கு அருகே தானாலெங்கில் கன்டெய்னர்களைத் தூக்கி மாற்றுகிறார்கள்.

டசாராவுக்கு இப்போது மறுபிறவி பேசப்படுகிறது. 2025இல் ஒரு சீன அரசு நிறுவனத்தோடு 30 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. பாதையைச் சீர்செய்யவும் எஞ்சின், வேகன் வாங்கவும் 140 கோடி டாலர் போட்டு, அந்த நிறுவனமே ஓட்டி, வரும் வருமானத்தில் தன் பணத்தை எடுத்துக்கொள்ளும். 1970இன் ஒப்பந்தத்தில் விடுபட்டது இதில் இருக்கிறது: போட்ட பணம் திரும்பி வர வேண்டுமானால், போட்டவரே ரயிலை ஓட்டியாக வேண்டும். ஜாம்பியாவின் செம்பு உற்பத்தி மீண்டும் 8 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது என்பதால் சரக்குக்கும் குறைவில்லை. ஆனால், அதே செம்பை மேற்கே அங்கோலாவின் லொபிட்டோ துறைமுகத்துக்குக் கொண்டுபோக அமெரிக்காவும் ஐரோப்பாவும் கடன் கொடுக்கின்றன.

இதற்கிடையே தான்சானியா தன் சொந்த முயற்சியில் ஒரு புதிய மின்மயப் பாதையை அமைத்து வருகிறது. அதன் முதல் பகுதிகளைத் துருக்கிய நிறுவனம் ஒன்று கட்டியது. சர்வதேச வங்கிகளின் கடனும் அதில் இருக்கிறது. 2024இல் தார் எஸ் சலாமிலிருந்து டொடோமா வரை ஓடத் தொடங்கியது. அதை எல்லை தாண்டி புருண்டி வரை கொண்டுபோவது திட்டம். அந்தப் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். ஆகவே, தார் எஸ் சலாம் நகரத்தில் இன்று ஜெர்மானியர் போட்ட ஆயிரமும், சீனர் போட்ட ஆயிரத்து அறுபத்தேழும், துருக்கியர் போட்ட ஆயிரத்து நானூற்று முப்பத்தைந்துமாக மூன்று அகலத் தண்டவாளங்கள் இருக்கின்றன. ஒன்றில் வரும் வேகன் மற்ற இரண்டிலும் ஏறாது.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.