வாங்கின இ-புக்கை விக்கலாமா? டாம் கபினெட் தீர்ப்பு

வணக்கம் மக்களே. படிச்சு முடிச்ச அச்சுப் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில போட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதே புத்தகத்தை இ-புக்கா வாங்கியிருந்தா? ஐரோப்பிய ஒன்றியத்துல இதுக்குப் பதில் வந்தாச்சு. 2019 டிசம்பர் 19, டாம் கபினெட் வழக்கு. விக்க முடியாது.

டாம் கபினெட் 2014-ல நெதர்லாந்துல தொடங்கின தளம். உறுப்பினர்கள் இ-புக்கைக் கொடுப்பாங்க, இவங்க அதை ரெண்டு யூரோ சுமாருக்கு மத்தவங்களுக்கு விப்பாங்க. கொடுக்கிறவர் தன்கிட்ட காப்பி எதுவும் வச்சுக்கலைன்னு உறுதி சொல்லணும். விக்கிற ஃபைல்ல வாட்டர்மார்க்கும் போட்டாங்க. டச்சுப் பதிப்பாளர் சங்கங்கள் கேஸ் போட, அது ஹேக் நீதிமன்றத்துல இருந்து லக்ஸம்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போச்சு.

இங்கதான் கவனமா கேளுங்க. ஐரோப்பிய ஒன்றியத்தோட 2001/29-ங்கிற பதிப்புரிமை நெறியுரையில, அதாவது உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்துற சட்டத்துல, ரெண்டு தனி உரிமை இருக்கு. நாலாவது பிரிவு, பிரதியை விநியோகிக்கிற உரிமை. ஒரு பிரதியைப் பதிப்புரிமை வச்சிருக்கிறவர் ஒருதடவை வித்துட்டா, அந்தப் பிரதி மேல அது தீர்ந்துபோகும். பழைய புத்தகக் கடை நடக்கிறதே அதனாலதான். மூணாவது பிரிவு, படைப்பை மக்களுக்கு எட்ட வைக்கிற உரிமை. அது எத்தனை தடவை வித்தாலும் தீராது. இ-புக் டவுன்லோட் மூணாவதுலதான் வரும்னு கோர்ட் சொல்லிடுச்சு.

காரணமும் சொன்னாங்க. காகிதம் கசங்கும், பைண்டிங் விடும். ஃபைல் தேயாது. பழசும் புதுசும் அச்சு அசலா ஒண்ணு, கைமாத்த செலவும் கிடையாது. அப்போ செகண்ட் ஹேண்ட் ஃபைல் புது விற்பனையையே அடிச்சிடும். இந்த வாதம் வலுவானதுதான். இன்னொண்ணு, கொடுத்தவர் கையில ஃபைல் இனி திறக்காதுன்னு உறுதி பண்ற தொழில்நுட்பம் அங்க இல்லை, வெறும் வாக்குதான். அந்த இடத்துலதான் டாம் கபினெட் ரொம்ப பலவீனமா நின்னுச்சு.

'சாஃப்ட்வேரை விக்கலாம்னு சொன்னாங்களே?'ன்னு கேப்பீங்க. ஆமா, அதே ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல கொடுத்த யூஸ்ட்சாஃப்ட் தீர்ப்பு. ஆனா அது 2009/24-ங்கிற கணினி நிரல்களுக்கான தனிச் சட்டம். காலவரையறை இல்லாத லைசன்ஸா (பயன்படுத்துற அனுமதியா) இருக்கணும், வித்தவர் தன் காப்பியைப் பயன்படுத்த முடியாதபடி ஆக்கணும். அதை இ-புக்குக்கு இழுக்க முடியாது.

அமெரிக்காவுல வழி வேற, முடிவு ஒண்ணு. வாங்கின பாட்டு ஃபைலை மறுபடி விக்க உதவின ரீடிஜிங்கிற தளம், ஃபைலைத் துண்டு துண்டா அனுப்பி, அனுப்பின துண்டை அழிச்சுக்கிட்டே வந்துச்சு. 2018 டிசம்பர்ல மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொல்லுச்சுன்னா, சர்வர்ல உருவாகிறது புதுப் பிரதி, பிரதி எடுக்கிறதே தனி உரிமை, வாங்கின பிரதியை மறுபடி விக்க விடுற 'முதல் விற்பனை' விதி அதைக் காப்பாத்தாது.

இதுல நிஜமா தப்புன்னு படுறது 'வாங்கு'ங்கிற பட்டன். கொடுக்கிறது லைசன்ஸ், எழுதியிருக்கிறது விற்பனை. கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரி 1-ல இருந்து, கிடைக்கிறது லைசன்ஸ்தான்னு தெளிவா தெரிவிக்காம டிஜிட்டல் பொருளுக்கு அந்தச் சொல்லைப் போடக் கூடாது. மத்த இடத்துலயும் இது வந்தே ஆகணும்.

கிண்டில் கருவியை விக்கிறதுல பிரச்சினை இல்லை. ஆனா விக்கும் முன்னாடி செட்டிங்ஸ்ல டீரெஜிஸ்டர் பண்ணுங்க, அதாவது கருவியை உங்க கணக்குல இருந்து பிரிச்சிடுங்க. உங்க கணக்குல வாங்கின புத்தகம் கருவியோட போகாது. இதை மறந்து கொடுத்துட்டா, உங்க கணக்கும் அதோட சேந்து அடுத்தவர் கைக்குப் போயிடும்.