மாட்டுக்குப் போட்ட ஊசி காட்டுத்தீயை அணைச்ச கதை

[திரை இருட்டு. காய்ஞ்ச புல் படபடன்னு எரியுற சத்தம் மட்டும். அப்புறம் படம்.]

மாட்டுக்கு ஊசி போட்டா காட்டுத்தீ அணையுமா? அணைஞ்சிருக்குங்க. தான்சானியாவுல, செரெங்கெட்டிங்கிற பெரிய புல்வெளியில. தீயணைப்பு வண்டி இல்ல, ஹெலிகாப்டர் இல்ல. ஊசி போட்டவங்களுக்கே இப்படி ஒண்ணு நடக்கப்போகுதுன்னு தெரியாது.

வணக்கம் மக்களே. போரான பகுதியை 20 விநாடியில முடிச்சிடறேன், ஓடிப்போயிடாதீங்க. சவன்னான்னா புல்வெளி, அங்கங்க மரம். மழையில புல் மளமளன்னு வளரும், மழை நின்னா காயும், காய்ஞ்சா எரியும். உலகத்துல வருஷா வருஷம் எரியுற நிலத்துல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஆப்பிரிக்காவுலதான். பத்த வைக்கிறது பெரும்பாலும் மனுஷன். மேய்ச்சல்காரர் உண்ணி சாகட்டும், புதுத் துளிர் வரட்டும்னு வைப்பார். விவசாயி நிலத்தைத் துப்புரவாக்க வைப்பார். அவ்வளவுதான், முடிஞ்சது.

இப்ப கதை.

[வரைபடம்: செங்கடல் ஓரத்திலிருந்து தெற்கே இறங்கும் சிவப்புக் கோடு]

1880களோட கடைசி. எரித்திரியா பக்கம் ஒரு நோய் கரையிறங்குது. வெக்கை நோய். வீட்டுல மாடு வளர்த்த தாத்தா பாட்டி இருந்தா இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க, முகம் மாறும். காய்ச்சல், வாயெல்லாம் புண், கழிச்சல், சில நாள்லயே மாடு சாஞ்சிடும். அங்க வந்த இத்தாலிப் படைக்காகக் கொண்டுபோன மாடுகளோட அது போச்சுன்னு சொல்றாங்க. அந்த மாடுகளே இந்தியாவிலிருந்து போனதுதான்னும் ஒரு பேச்சு உண்டு. எப்படியோ, பத்து வருஷத்துக்குள்ள தென்னாப்பிரிக்கா வரைக்கும் இறங்கிடுச்சு. மாசாய் மக்களோட மாட்டு மந்தைகள் கிட்டத்தட்ட மொத்தமா அழிஞ்சு, பின்னாடியே பஞ்சம் வந்தது. காட்டெருமையும் வில்டபீஸ்ட்டும் கூடச் செத்தன. வில்டபீஸ்ட் தெரியும்ல? மாட்டுக் கொம்பு, குதிரை வால், ஆட்டுத் தாடி. மிச்சம் மீதியை வச்சு செஞ்ச மாதிரியே இருக்கும்.

அந்த ஒரு அலையோட நோய் போய்த் தொலையல. கன்னுக்குட்டிகளைக் குறிவச்சு இன்னும் 60, 70 வருஷம் அங்கேயே சுத்துச்சு. அதனால வில்டபீஸ்ட் கூட்டம் தலையெடுக்கவே இல்ல.

சரி, தின்ன ஆளில்லாத புல் என்ன ஆகும்? நின்னபடியே காயும். அப்ப அதைத் தின்ன இன்னொருத்தர் வருவார். நெருப்பு! இந்த வீடியோவுல ஒண்ணே ஒண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க: சவன்னாவுல நெருப்பும் ஒரு மேய்ச்சல் மிருகம்தான். புல்லுக்கு மாட்டோட போட்டி போடும். யார் முந்திக்கிறாங்களோ அவங்களுக்குப் பந்தி.

1960 வாக்குல செரெங்கெட்டியில சில வருஷம் பாதிக்கு மேல எரிஞ்சிருக்கு. இதுல பாவம் மரக்கன்னுங்கதான். முழங்கால் உயரம் வந்ததும் தீ வந்து மேல்பாகம் கருகிடும். வேர் உயிரோட இருக்கும், அடுத்த மழைக்குத் திரும்பத் துளிர்க்கும், திரும்பக் கருகும். வருஷா வருஷம் அதே வகுப்புல உட்கார்ற பையன் மாதிரி. தீக்கு எட்டாத உயரம் போற வரைக்கும் அதுக்குப் பாஸ் கிடையாது.

இப்பதான் ஊசி வருது. 1950கள்லயும் 60கள்லயும் செரெங்கெட்டியைச் சுத்தியிருந்த ஊர் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டாங்க. கவனிங்க, ஒரு வில்டபீஸ்ட்டுக்குக்கூடப் போடல. மாட்டுக்குத்தான். மாட்டுக்கிட்டேருந்து நோய் வர்றது நின்னதும் காட்டு மிருகங்கள்லயும் அது தானா ஒழிஞ்சது. 1961ல ரெண்டரை லட்சம் சொச்சமா இருந்த வில்டபீஸ்ட், 1970களோட கடைசியில 13 லட்சத்தைத் தாண்டுச்சு. 13 லட்சம் வாய்! மொத்தப் புல்வெளியும் முடிவெட்டின மாதிரி ஆச்சு. நெருப்புக்குப் பட்டினி. எரியுற பரப்பு சரிஞ்சது, அந்த ஃபெயிலான பையன்களெல்லாம் பாஸாகி மரமானாங்க.

வெக்கை நோய் போச்சு, காட்டோட வெக்கையும் தணிஞ்சது. இந்த வரியை எழுதிட்டு எனக்கு நானே கை தட்டிக்கிட்டேன், மன்னிச்சிடுங்க.

இந்த நோய்க்குக் கென்யாவுல முகுகா ஆய்வகத்துல நல்ல தடுப்பூசி உருவாக்கினவர் வால்டர் பிளௌரைட். 1999ல அவருக்கு உலக உணவுப் பரிசு குடுத்தாங்க. 2011ல வெக்கை நோயே உலகத்துல இல்லைன்னு அறிவிச்சாங்க. பெரியம்மைக்கு அடுத்து மனுஷன் ஒழிச்ச ரெண்டாவது நோய் இது. லைக் பண்ணலைன்னாலும் பரவாயில்ல, அந்த மனுஷனுக்காக ஒரு கைதட்டு.

[களிமண் தட்டு, வரிசையா குத்திவச்ச தீக்குச்சிகள். மேலிருந்து படம்.]

வில்டபீஸ்ட் செஞ்ச அதே வேலையை இப்ப ஏர் செய்யுது. 1998லிருந்து 2015க்குள்ள உலகத்துல எரியுற பரப்பு ஏறக்குறைய கால்வாசி குறைஞ்சிருக்குன்னு செயற்கைக்கோள் படங்கள் சொல்லுது. செய்தியில தினமும் காட்டுத்தீ பார்க்கிற நமக்கு நம்பவே முடியாது. குறைஞ்சது முக்கியமா சவன்னாவுலதான். காரணம் வயல், ரோடு, வேலி, மேய்ச்சல்.

ஆனா வயல் கொஞ்சம்தானே, தீ எப்படி இவ்வளவு குறையும்? அதுக்குத்தான் நேத்து மொட்டைமாடியில இந்தக் கூத்து. பத்துக்குப் பத்து, நூறு குழி. முதல் தடவை 80 குழியில குச்சி வச்சேன். ஒரு மூலையில பத்த வச்சதும் சரசரன்னு எதிர் மூலை வரைக்கும் போச்சு. அடுத்து 50 குழியில மட்டும், கண்ட இடத்துல. அஞ்சாறு குச்சியோட உசிரை விட்டுடுச்சு. பாதிக் குச்சி இருந்தும் பாதி எரியல! கணக்குக்காரங்க இதுக்கு ஒரு எல்லை வச்சிருக்காங்க. ரொம்பப் பெரிய சதுரக் கட்டத்துல சுமார் 59 சதவீதம். அதுக்குக் கீழ போனா தொடர்பு அறுந்து தீ அங்கங்க தீவு தீவா நின்னுடும். நிஜப் புல்வெளியில காத்து, ஈரம்னு ஆயிரம் இருக்கு, ஆனா சங்கதி இதுதான். ஊடால நாலு சோளக்காடு, ஒரு மண் ரோடு வந்தாலே போதும், தீயோட பாதை துண்டுபட்டுடும். (அம்மா, அந்த மூணு தீப்பெட்டி நான்தான் எடுத்தேன்.)

தீ குறைஞ்சா நல்லதுதானேன்னு கமெண்ட்ல வருவீங்க. புகை குறையும், சரி. ஆனா வயலான இடத்துல சவன்னாவே இல்லையே. அதைத் தீ குறைஞ்ச கணக்குல சேர்த்துச் சந்தோஷப்பட எனக்கு மனசு வரல.

மனுஷன் தீயைக் கூட்டினதும் உண்டு. வட ஆஸ்திரேலியாவுல மாட்டுத் தீவனத்துக்குன்னு ஆப்பிரிக்காவிலிருந்து காம்பா புல்லைக் கொண்டுவந்தாங்க. நாலு மீட்டர் வரைக்கும் வளரும், அங்கத்துப் புல்லைவிடப் பல மடங்கு உக்கிரமா எரியும். அதே வட ஆஸ்திரேலியாவுல பழங்குடி மக்கள் மழை நின்னு வறண்ட பருவம் தொடங்கும்போதே ஈரம் இருக்கிற புல்லைத் துண்டு துண்டாக் கொளுத்தி வச்சிடுவாங்க. அவங்களை நிலத்தைவிட்டு வெளியேத்தினதும், வறண்ட பருவத்தோட கடைசியில ராட்சசத் தீ. இப்ப மேற்கு ஆர்ன்ஹெம் லேண்டுல அதே மக்களைத் திரும்பக் கொளுத்தச் சொல்லிக் காசு குடுக்கிறாங்க.

நம்ம பக்கத்துலயும் இது உண்டு. சத்தியமங்கலத்தை ஒட்டின பிலிகிரிரங்கன் மலையில சோளகர் பழங்குடி மக்கள் கோடைக்கு முன்னாடி சருகைக் கொளுத்துவாங்க. அதுக்குத் தரகு பெங்கின்னு பேர். 1970கள்ல சரணாலயம் வந்ததும் தடை போட்டாங்க. தடைக்கு அப்புறம்தான் உண்ணிச்செடி (லான்டானா) காட்டையே மூடிடுச்சுங்கிறது அவங்க வாதம். காய்ஞ்ச உண்ணிச்செடி எப்படி எரியும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும்.

உங்க ஊர்ல அந்தச் செடிக்கு என்ன பேரு? கீழ எழுதுங்க. எத்தனை பேர் வருதுன்னு பார்க்கணும்.