குளிருக்கு ஒதுங்க எழுந்த கடற்கரை ஊர்: ஒபாத்தியா

நேயர்களுக்கு வணக்கம். குரோஷியா நாட்டில், அட்ரியாட்டிக் கடலின் வடமூலையில் இருக்கும் ஒபாத்தியாவைப் பற்றி இன்று பேசுகிறேன்.

ஆகஸ்டில் மணலைத் தேடி அங்கே போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். ஊர் நெடுகப் பாறைதான். பாறைமேல் சிமெண்ட் தளம் போட்டு, தளத்திலிருந்து கடலுக்குள் இறங்க ஏணி வைத்திருப்பார்கள். இதை ஊரின் குறை என்று சொல்லிவிடக் கூடாது. ஒபாத்தியா கடலில் குளிப்பதற்காக எழுந்த ஊர் அல்ல, குளிருக்கு ஒதுங்குவதற்காக எழுந்த ஊர். இது தெரிந்து போனால் எந்த மாதம் போவது, எங்கே தங்குவது, அங்கே என்ன செய்வது என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும்.

ஒபாத்தியா என்ற சொல்லுக்கே துறவியர் மடம் என்றுதான் பொருள். புனித யாக்கோபு பெயரில் அங்கே ஒரு பழைய மடம் இருந்தது. சுற்றிச் சில வீடுகள், அவ்வளவுதான். 1844இல் பக்கத்திலுள்ள ரியேக்கா நகரத்து வணிகர் இஜினியோ ஸ்கார்ப்பா அங்கே ஒரு மாளிகை கட்டி, மறைந்த தம் மனைவி ஆஞ்சோலினாவின் பெயரை அதற்கு வைத்தார். வெறும் மாளிகையாக இருந்ததை ஊராக மாற்றியது ரயில். 1873இல் ரியேக்காவுக்குத் தண்டவாளம் வந்தது. அப்போது இந்தக் கரையை ஆண்ட ஆஸ்திரியாவின் தென்னக ரயில்வே நிறுவனத்துக்குப் பயணிகள் வேண்டும். பயணிகளுக்குப் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். அந்த நிறுவனத்தை நடத்திய ஃப்ரீட்ரிக் ஷூலர் இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்தார். 1884இல் ஓட்டல் க்வார்னெர் திறந்தது. குரோஷியக் கடற்கரையின் முதல் பெரிய ஓட்டல் அதுதான், இன்றும் நடக்கிறது. 1889இல் வியன்னா அரசு ஒபாத்தியாவைத் தட்பவெப்ப நல வாசஸ்தலமாக அறிவித்தது. நெஞ்சுச்சளிக்காரர்களையும் இதய நோயாளிகளையும் மருத்துவர்கள் பனிக்காலத்தில் இங்கே அனுப்பினார்கள். வயிற்று அறுவை சிகிச்சையில் பெரும் பெயர் பெற்ற தியோடர் பில்ரோத்தின் உயிர் பிரிந்ததும் 1894 பிப்ரவரியில் இதே ஊரில்தான்.

ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்? பின்னால் கிட்டத்தட்ட 1,400 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் உச்கா மலைதான் காரணம். உள்நாட்டுக் குளிரை அது தடுத்துவிடுகிறது. பனி கொட்டும் வியன்னாவில் ரயிலேறிய ஒருவர், இங்கே இறங்கியதும் பனைவகை மரங்களையும் கமேலியாப் பூக்களையும் பார்ப்பார். ஜப்பானியக் கமேலியா இன்று ஊரின் அடையாளப் பூ. குளிர்காலத்தின் பின்பாதியில் தொடங்கி ஏப்ரல் வரை பூக்கும்.

குளிரைத் தடுக்கும் அதே மலையால் இரண்டு சங்கடங்களும் உண்டு. ஈரக்காற்று கடலிலிருந்து வந்து மலையில் மோதி மேலேறிக் குளிர்கிறது, மழையாகக் கொட்டுகிறது. அட்ரியாட்டிக் கரையில் மழை மிகுந்த பகுதிகளில் இதுவும் ஒன்று. அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும் மோசம். அடுத்தது வெயில். மலை மேற்கே இருப்பதால் மாலையில் நிழல் சீக்கிரமே கரைக்கு இறங்கிவிடும். கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். இந்த ஊரில் கடல்மேல் ஒளி காலையில்தான்.

ஆகவே ஏப்ரல், மே அல்லது செப்டம்பரில் போவது நல்லது. தெற்கே பக்கத்து ஊரான லோவ்ரானின் பெரிய செஸ்ட்நட் கொட்டைகளுக்காகவே போகிறவர்கள் அக்டோபரில் போகலாம், குடை கட்டாயம்.

ஊரின் உயிர் லுங்கோமாரே என்னும் கடலோர நடைபாதைதான். வொலோஸ்கோ முதல் லோவ்ரான் வரை 12 கிலோமீட்டர். வடபகுதி 1889இல் முடிந்தது, தென்பகுதி 1911இல் சேர்ந்தது. நோயாளிகள் நடந்து நடந்தே தேறட்டும் என்று போட்ட பாதை இது. நின்று பார்த்துப் போனால் நான்கு மணி நேரமாவது ஆகும். காலையில் வொலோஸ்கோ மீன்பிடித் துறையில் தொடங்குங்கள். பூமியின் மேலோடு எங்கே முடிகிறது என்பதை 1909இல் நிலநடுக்க அலைகளைக் கொண்டு கண்டுபிடித்த ஆண்ட்ரியா மொஹொரோவிச்சிச் பிறந்த ஊர் அது. அங்கிருந்து தெற்கே நடந்தால், பாறைமேல் கையில் கடற்பறவையோடு ஒரு பெண் சிலை நிற்கும். ஸ்வோன்கோ ட்ஸார் 1956இல் செதுக்கியது. அதற்கு முன் அதே இடத்தில் மாதா சிலை இருந்தது, கடலில் மாண்ட ஒரு பிரபுவின் நினைவாக வைத்தது. பக்கத்திலேயே ஸ்கார்ப்பாவின் மாளிகை. இப்போது சுற்றுலா அருங்காட்சியகமாக இருக்கிறது. தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாமல் உள்ளேயும் போங்கள். பிறகு இச்சிச்சி, இகா, கடைசியில் லோவ்ரான்.

செருப்பில் கவனம் வேண்டும். சுண்ணாம்புக்கல் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது, நனைந்தால் வழுக்கும். இடையிடையே படிகள் இருப்பதால் சக்கர நாற்காலியிலோ குழந்தை வண்டியிலோ முழுதும் போக முடியாது. யூகோ என்னும் தென்கிழக்குக் காற்று வீசும் நாளில் அலை பாதைமேலேயே அடிக்கும். அன்று பாதையை விட்டு மேலே இருக்கும் கார்மென் சில்வா காட்டுப்பாதைக்குப் போய்விடுங்கள். கடலில் இறங்குகிறவர்கள் ரப்பர் காலணி போட்டுக்கொள்ள வேண்டும். பாறை இடுக்கில் கடல் முள்ளெலிகள் ஒட்டியிருக்கும்.

இனிப் பயண ஏற்பாடு. 2023 ஜனவரி 1 முதல் குரோஷியாவில் யூரோதான் செல்லும். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியிலும் நாடு சேர்ந்துவிட்டது. எனவே இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். குனா நாணயக் கணக்கில் எழுதிய பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். ஸ்லோவேனியா எல்லையில் 2023 அக்டோபரில் தற்காலிகச் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும். ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒபாத்தியா-மத்துல்யி என்ற பெயருள்ள நிலையம் கடலோரத்தில் இல்லை, மலைச்சரிவில் மேலே இருக்கிறது. பெட்டி படுக்கையோடு வந்தால் ரியேக்காவில் இறங்கி 32ஆம் எண் பேருந்து பிடிப்பதே சுலபம். கட்டணம் மண்டலக் கணக்கில் என்பதால் இறங்கும் இடத்தைச் சொல்லித்தான் சீட்டு வாங்க வேண்டும்.

லோவ்ரானில் நடை முடிந்ததும் அதே 32ஆம் எண் பேருந்தில் திரும்பிவிடலாம். வண்டிகள் வலப்பக்கமாக ஓடும் நாடு அது. ரியேக்கா போகும் பேருந்துக்குச் சாலையின் கடல் பக்கத்தில் நில்லுங்கள்; ஏறியதும் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். காலையில் நடந்து வந்த கரை முழுதும் அந்த ஜன்னலில் தெரியும்.